இரண்டு கிலோ எண்ணூறு

என் தொழில் எடை மெஷின்களைச் சரிபார்ப்பது. கடை, கிடங்கு, தபால் அலுவலகம், மருந்துக் கம்பெனி என்று எங்கெல்லாம் ஒரு பொருளை நிறுத்துக் கொடுக்கிறார்களோ அங்கெல்லாம் என் எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு போவேன். மெஷின் காட்டுவது சரியா தப்பா என்று பார்த்து, தப்பென்றால் திருத்தி, வேறு யாரும் திறந்து கைவைக்காதபடி கம்பி கோத்து ஈய சீல் வைத்துவிட்டு வருவேன். முப்பத்தோரு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. தெருவில் எனக்கு மில்லிகிராம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் பெருமைதான்.

ஒருமுறை மளிகைக் கடைக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து, "அண்ணே, கிலோவுக்கு ஒரு இருபது கிராம் முன்னபின்ன வெச்சுக் குடுங்களேன்" என்று பல்லைக் காட்டினார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. "என் கல்லும் பொய் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன், எடத்தைக் காலி பண்ணு!" என்றேன். அவர் படியிறங்கும்போது முன்னறையிலிருந்து என் மனைவி கைதட்டினாள்.

இப்போதெல்லாம் அந்த மனிதர் எதிரே வந்தால் நான் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன். அவர் கேட்டது கிலோவுக்கு இருபது கிராம். நான் செய்தது நாற்பதுக்கும் மேலே. அதுவும் ஊரான் வீட்டு மெஷினில் இல்லை.

என் மனைவியை நான் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவேன். பட்டறையின் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பது, ஆட்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது, நேரத்துக்கு வராதவர்களை வாங்கு வாங்கென்று வாங்குவது எல்லாம் அவள் துறை. அதோடு சீல் வைப்பதும் அவள்தான். நான் திருத்தி முடித்த மெஷினை மேஜைமேல் வைத்தால், கம்பியை ஈய வில்லைக்குள் நுழைத்து, சீல் பிளையரை வைத்து ஒரே அழுத்து. கடக் என்று சத்தம் வரும். பிளையரைத் திறந்தால் ஈயத்தில் எங்கள் பட்டறை முத்திரை பளிச்சென்று இருக்கும். எனக்கு அந்த அளவுக்குச் சுத்தமாக விழாது. "உங்களுக்கு வாய்தான் பலம், எனக்குக் கை" என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு முட்டி வலி வந்தது. பார்த்த டாக்டர் அவசரக்காரர். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "எடையக் குறைங்கம்மா, இல்லன்னா ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அப்போது அவள் எழுபத்தெட்டு கிலோ. எடை என்ற சொல் காதில் விழுந்ததுமே அது என் ராஜ்ஜியம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

கிடங்கு ஒன்று வேண்டாமென்று கழித்துவிட்ட மெஷினைச் சரிசெய்து, பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடிக்கும் முன் அவள் அதில் ஏறி நிற்க வேண்டும். நான் எண்ணைச் சத்தமாகப் படித்து, பட்டறைக் கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் எழுதுவேன். எழுபத்தேழு, எழுபத்தாறரை, எழுபத்தைந்து. பதினோரு மாதத்தில் எழுபத்திரண்டுக்கு வந்தாள். அன்றைக்கு மெஷின் மேலேயே நின்றுகொண்டு, "மேனேஜரைப் பாருய்யா!" என்று இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போன இடமெல்லாம், எதையோ நானே உட்கார்ந்து செதுக்கியதுபோல, அவள் எடை குறைந்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரம் பக்கத்து வீட்டில் பிறந்தநாள். அவள் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள். மறுநாள் மதியம் சோறு கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். "எழுபத்திரண்டு வந்தாச்சு, இனிமே என்னவாம்?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆபரேஷன் பயத்தில் வந்த கோபம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் ஊரெல்லாம் பேசி வைத்த பேச்சு கெட்டுவிடுமே என்ற கோபம் அது.

சனிக்கிழமை மதியம் அவள் எங்கள் மகளோடு கடைக்குப் போயிருந்தாள். நான் நடையில் இருந்த மெஷினின் சீலை அறுத்தேன்.

எடை மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. காலிபரேஷன் செய்யும்போது தட்டின் மேல் எதை வைத்து 'இது இருபது கிலோ' என்று சொல்கிறோமோ, அதை அப்படியே நம்பிவிடும். அதன்பிறகு எதை ஏற்றினாலும் அந்த நம்பிக்கையில்தான் பேசும். நான் பத்தொன்பது கிலோ இருநூறு கிராம் கற்களை வைத்தேன். இருபது என்று சொன்னேன். நம்பியது. தட்டு காலியாக இருந்தால் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும். ஆள் ஏறினால்தான் வித்தியாசம் தெரியும். இந்த வித்தை தெரிந்தவர் எங்கள் தெருவில் ஒருவர்தான்.

அவள் கடையிலிருந்து திரும்பியதும், "மேனேஜர், நடையில இருக்கிற மெஷின்ல சீல் அறுந்து கிடக்கு, ஒண்ணு போட்டுடு" என்றேன். பையைக் கீழே வைத்த கையோடு பிளையரை எடுத்து வந்தாள். கடக்.

மறுநாள் காலை ஏறினாள். எழுபத்தைந்து.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. இறங்கினாள், மறுபடி ஏறினாள். எழுபத்தைந்து. "மெஷின்ல ஏதாவது..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "சே, உங்க மெஷினப் போயி" என்றாள்.

நான் சாக்பீஸை எடுத்தபடி, "கேக்கு" என்றேன். அந்த ஒரே வார்த்தைதான் சொன்னேன்.

இரண்டு வாரம் பயமுறுத்திவிட்டுத் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பயம் நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். முட்டையில் கொழுப்பு என்று முட்டையை நிறுத்தினாள், பிறகு மீன், பிறகு பருப்பு. ஒரு கிண்ணம் காய்கறி சூப், இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான் இரவுக்கு. நான் 'சபாஷ்' போட்டேன். இன்னொரு பக்கம், முட்டிக்கு நல்லது என்று அவளை ஒரு துரும்பைக்கூட அசைக்க விடவில்லை. தண்ணீர்க் குடத்தை நான் தூக்கினேன், துணியை நான் துவைத்தேன், மாடிக்கு நான் ஏறினேன். இரண்டு வாரம் பதினெட்டு மாதமாக நீண்டது, அதில் நான் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை 'நீ உட்காரு' என்பதுதான். அதை அன்பென்றே நினைத்துச் சொன்னேன். தெருவில் இருந்த பெண்கள், "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்று என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

திருத்த நினைத்த ஒவ்வொரு வாரமும் ஒரு சங்கடம் குறுக்கே வந்தது. திருத்தினால் ஒரே நாளில் மூன்று கிலோ குறைந்ததாகக் காட்டுமே, என்ன சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஊர் மெஷின்களை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதவன் நான்.

கண்ணில் படவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். அவள் சட்டைக்கை தொளதொளவென்று ஆனது, இடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. சாலையைக் கடக்கும்போது பாதி தூரத்திலேயே சிக்னல் மாறி, வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் சீல் பிளையரை அழுத்தியவள், "என்னங்க, இது இறுகிக் கிடக்கு, எண்ணெய் விடுங்க" என்றாள். நான் வாங்கி அழுத்தினேன். இறுக்கமே இல்லை. "கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியா?" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். அதன்பிறகு சீல் வைப்பது சத்தமில்லாமல் என் வேலையாகிவிட்டது.

போன வருடம் ஒரு நாள் தானியக் கிடங்கில் வேலை முடித்து மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தேடிப்போனால் குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடி எதுவும் பட்டிருக்கவில்லை. சோப்பு எடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், எழ முடியவில்லை.

"எவ்வளவு நேரமா?"

"போன் பதினாலு தடவ அடிச்சுது. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். தூக்கித் தூக்கிப் பழகிய கை என்னுடையது. அந்த ஞாயிறு மெஷின் எழுபது காட்டியிருந்தது; அவள் உடம்பு என் கைக்கு எழுபது கிலோ இல்லை என்று அப்போதே தெரிந்தது.

மறுநாள் மகளும் வந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மூன்று பேருமாகப் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். நர்ஸ் எடை பார்க்கச் சொன்னார். மேனேஜர் ஏறினாள். அறுபத்தேழு புள்ளி இரண்டு.

என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "சிஸ்டர், உங்க மெஷின் தப்பு" என்றாள். "காலையிலதான் வீட்டுல பாத்துட்டு வந்தேன், சரியா எழுபது. எங்க வீட்டுக்காரருக்கு இதுதான் தொழிலே. அவரு மெஷின் தப்பு காட்டாது."

நர்ஸ் என்னைப் பார்த்தார். மகளும் பெருமையாகப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இளவயதுப் பெண். அவசரப்படவில்லை. கையில்லாத நாற்காலியில் மேனேஜரை உட்காரவைத்து, இரண்டு கையையும் மார்பின் மேல் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். அவளால் ஒரு தடவைகூட முடியவில்லை. பிறகு கைப்பிடி மாதிரி ஒரு கருவியைக் கொடுத்து முழு பலத்தோடு அழுத்தச் சொன்னார். பன்னிரண்டு கிலோ காட்டியது. குறைந்தது பதினெட்டு இருக்க வேண்டுமாம். அப்புறம் கையிலும் காலிலும் லேசாக மின்சாரம் விட்டு, உடம்பில் தசை எவ்வளவு கொழுப்பு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும் மெஷினில் ஏற்றினார்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முப்பத்தோரு வருடம் எடையோடு குப்பை கொட்டியவன் நான்.

"உங்களுக்குத் தசை ரொம்பக் கரைஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர். "கொழுப்பு அப்படியேதான் இருக்கு. ரெண்டும் சேர்ந்து வர்றது ஒரு நோய்தான். மெலிஞ்சவங்களுக்குத் தசை போனா பாத்ததும் தெரிஞ்சிடும். உங்களுக்கு மேல கொழுப்பு மூடியிருக்கிறதால யாருக்கும் தெரியல. சாப்பாட்டக் குறைச்சீங்களா?"

"குறைச்சேன் டாக்டர். எவ்வளவு குறைச்சும் எடை மட்டும் பிடிவாதமா எழுபதுலயே நின்னுச்சு. அதனால இன்னும் குறைச்சேன்."

"நடக்கறது, தூக்கறது, ஏதாவது?"

"ஒண்ணும் விடமாட்டார். ராணி மாதிரி வெச்சிருக்கார்" என்று என்னைக் காட்டினாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "பட்டினி கிடந்தா கொழுப்பு மட்டும் போகாதும்மா, தசையும் சேர்ந்து போகும். உக்காந்தே இருந்தா இன்னும் வேகமாப் போகும். இனிமே எடைய மறந்துடுங்க. முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் வயிறார சாப்பிடணும். தினமும் கனம் தூக்கணும், உக்காந்து எழுந்திருக்கணும். மெதுவா திரும்ப வரும்."

அவளுக்கு இதெல்லாம் ஏறவில்லை. அந்தப் பன்னிரண்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். "டாக்டர், இந்த அழுத்தற மெஷினையாவது எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவ குடுத்துப் பாருங்களேன். நான் சீல் வெச்ச கை இது. பன்னெண்டா?"

டாக்டர் சிரித்தார். "நிஜமாவே இத வாங்கினதுலேர்ந்து யாரும் சரிபாக்கல. சார், ரெண்டு நாள் வெச்சிருந்து பாத்துத் தர்றீங்களா?" என்று பெட்டியோடு என் கையில் கொடுத்துவிட்டார்.

டாக்ஸியில் திரும்பினோம். எங்கள் தெரு முனையில் மகள் மெல்ல, "அம்மா, தப்பா எடுத்துக்காத. கொழந்த பொறந்ததும் நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கோ, போதும். தூக்கவேணாம். எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து, 'உன் கொழந்தைய மொதல்ல நான்தான் தூக்குவேன், மில்லிகிராம் எடை போட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

அன்று சாயங்காலம் பட்டறையில் அந்தக் கருவியைக் கொக்கியில் தலைகீழாக மாட்டினேன். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து கிலோ கல்லைத் தொங்கவிட்டேன், ஐந்து காட்டியது. பத்து தொங்கவிட்டேன், பத்து. பதினைந்து, பதினைந்து. நூல் பிடித்தமாதிரி இருந்தது.

"தப்புதானே?" என்றாள். குரலில் அவ்வளவு ஆசை.

இந்த இடத்தில் நான் நினைத்ததைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கருவியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தது. கால் சுற்றுச் சுற்றினால் அவளுடைய பன்னிரண்டு பதினெட்டாகிவிடும். அவள் முகம் மலரும், மகளுக்குப் போன் போட்டுச் சொல்லுவாள், மருத்துவமனை மெஷின் மேலும் அதே பழி விழுந்துவிடும், நடையில் கிடக்கும் மெஷினை எவரும் கேட்கமாட்டார்கள். என் திருப்புளி மேஜைமேல்தான் இருந்தது. கையில் எடுக்கக்கூட எடுத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு சந்தேகமும் இல்லாமல், நான் திருத்தி முடிப்பதற்காகக் காத்திருந்தாள். அந்த நம்பிக்கையைத் தாங்க முடியவில்லை எனக்கு. திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"சரியா இருக்கு" என்றேன்.

"அப்போ அங்க இருந்த எடை மெஷின்?"

"அதுவும் சரியாத்தான் இருக்கும்."

அவள் நடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டும் சரின்னா, நம்மளுது?"

"நான் மாத்தி வெச்சேன்" என்றேன். "நீ எழுபத்திரண்டு வந்து கேக் சாப்பிட்டியே, அந்த வாரம். உனக்கு மூணு கிலோ கூட்டிக் காட்டுற மாதிரி."

முதலில் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். நான் நடையிலிருந்து மெஷினை இழுத்துவந்து அவள் காலடியில் போட்டு, இருபது கிலோ கல்லைத் தூக்கி வைத்தேன். இருபது புள்ளி எட்டு. அவள் சிரிப்பு நின்றது. குனிந்து, மெஷினின் பக்கவாட்டில் இருந்த ஈய வில்லையை விரலால் தடவினாள்.

"இதுல சீல் இருக்கே."

"இருக்கு."

"நான் வெச்சது."

"ஆமா."

"எங் கையால வெக்க வெச்சீங்க."

திட்டியிருந்தால் பரவாயில்லை, நாலு சாமானை எடுத்து வீசியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் நிதானமாகக் கேட்டாள். "ராத்திரியெல்லாம் பசியில புரண்டுட்டுக் கெடந்தேனே. நீங்க பக்கத்துல முழிச்சுட்டுத்தானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ஒரு ராத்திரிகூட வாய் வரலையா?"

வரவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் அவள் மூச்சு சீராகும்வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

"என் கண்ணு முன்னாடி திருத்துங்க" என்றாள். சீலை அறுத்தேன். இருபது கிலோவை வைத்து இருபது என்று சொன்னேன். மெஷின் அதையும் நம்பியது. அவள் பிளையரையும் ஈய வில்லையையும் கொண்டுவரச் சொன்னாள். கம்பியைக் கோத்து ஒரு கையால் அழுத்தினாள். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினாள், முகம் சிவக்க. ஈயம் லேசாகச் சப்பையானதோடு சரி. கம்பி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் கை நீட்டினேன்.

"நீங்க வெக்காதீங்க" என்றாள். பிளையரை மேஜைமேல் வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்து எழுந்து, உள்ளே போனாள்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "வயசு, முட்டி வலி, சாப்பாடு, எல்லாமாச் சேர்ந்துதான் வந்திருக்கும் சார். உங்க ஒருத்தரால மட்டும் இல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதில் 'மட்டும்' என்ற சொல்தான் காதில் தங்கியது.

அதற்குப் பிறகு வந்த நாலு மாதம் எங்கள் வீட்டில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. "கிடங்குக்காரர் பத்து மணிக்கு வரச் சொன்னார்." "சரி." அவ்வளவுதான். காலையும் மாலையும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். முதலில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கிக்கொண்டு, பிறகு ஒன்று, பிறகு அதுவும் இல்லாமல். என் கற்பெட்டியைத் திறந்து பித்தளைக் கற்களை அவளே எடுத்துக்கொண்டாள், அரைக் கிலோவில் ஆரம்பித்து ஒரு கிலோ, இரண்டு கிலோ. எத்தனை தடவை தூக்கினாள் என்று என்னிடம் சொல்லமாட்டாள். நான் வாசலில் நின்று மனதுக்குள் எண்ணுவேன். நான் முட்டை அவித்தேன், மீன் வறுத்தேன், பருப்பு கடைந்தேன். சாப்பிட்டாள். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள். தண்ணீர்க் குடத்தில் நான் கைவைத்தால், "கைய எடுங்க" என்பாள். கதவில் இருந்த சாக்பீஸ் எண்களை நான் ஈரத்துணியால் துடைக்கப் போனபோது, "இருக்கட்டும். உங்க கையெழுத்துதானே" என்றாள். மகளிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன் என்றதற்கு, "அவளுக்கு ஒரு அப்பாவாவது இருக்கட்டும்" என்றாள். நடையில் மெஷின் சீல் இல்லாமல் கிடந்தது. அதன்மேல் அவள் ஏறவே இல்லை.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நாங்கள் போனோம். மேனேஜர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் கட்டிலில் சாய்ந்தபடி குழந்தையை என் பக்கம் நீட்டினாள். எங்கள் வீட்டுப் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. எதையும் என் கையில் வைத்து எடை சொல்லச் சொல்வார்கள், நானும் ஐம்பது கிராம் வித்தியாசத்தில் சொல்லிவிடுவேன்.

"அப்பா, ஆஸ்பத்திரி கார்டைப் பாக்காம சொல்லுங்க. பேத்தி எவ்வளவு?"

துணியோடு வாங்கினேன். வாங்கிய நொடியே கை சொல்லிவிட்டது. எழுபதில் அறுபத்தேழு புள்ளி இரண்டு போக மிச்சம் எவ்வளவு என்று, அந்த மருத்துவமனை நாளிலிருந்து எத்தனை நூறு தடவை மனதுக்குள் கழித்துப் பார்த்திருப்பேன். அந்த மிச்சம் என் கையில் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. வாய் வரவில்லை.

"என்னப்பா, மறந்துபோச்சா?"

"சொல்லுங்க" என்றாள் மேனேஜர் ஜன்னலோரத்திலிருந்து. நாலு மாதத்தில் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ எண்ணூறு" என்றேன்.

"அப்பான்னா அப்பாதான்! கார்டுல அதேதான் போட்டிருக்கு" என்று மகள் சிரித்தாள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. அவளுக்கும் கணக்குத் தெரியும், அன்று அந்த எண்ணைக் குனிந்து பார்த்தவள் அவள்தானே. இரண்டு கையையும் நீட்டி, "குடுங்க" என்றாள்.

"அம்மா, உக்காந்தே வெச்சுக்கோம்மா" என்றாள் மகள்.

குனிந்து அவள் கையில் கொடுத்தேன். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதத்தானே எம்மேல ஏத்தி வெச்சிருந்தீங்க?" என்றாள்.

"ஆமா."

"ஒன்றரை வருஷம்."

"ஆமா."

நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். பாதங்களைப் பின்னுக்கு இழுத்துத் தரையில் ஊன்றினாள். இரண்டு கையும் குழந்தைமேல். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் அந்த டாக்டர் செய்யச் சொன்னதும் இதுதான். முன்னால் சாய்ந்து எழுந்தாள். ஒரு சாண் உயரம் எழுந்து, அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள். கட்டிலிலிருந்து மகள், "அப்பா, பிடிங்க!" என்று கத்தினாள். என் கை தானாக நீண்டது.

"கைய எடுங்க."

மூச்சை இழுத்துக்கொண்டாள். மறுபடி சாய்ந்தாள். முட்டிகள் வெடவெடவென்று நடுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. மெல்ல, மெல்ல எழுந்து, நிமிர்ந்து நின்றுவிட்டாள். குழந்தை விழிக்கக்கூட இல்லை. மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றாள்.

"இவளத் தூக்கிட்டேன், அப்புறம் இறக்கியும் வெச்சிடுவேன்" என்றாள். "நீங்க ஏத்தினத எப்ப இறக்கி வெப்பேன்னு எனக்கே தெரியல."

சொல்லிவிட்டு, பேத்தியோடு ஜன்னல் வெளிச்சத்துக்கு நடந்து போனாள். என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அந்த இரண்டு கிலோ எண்ணூறு அதில் அப்படியே இருந்தது.